ஓசெட் முக்கோணம்: கடல் சொல்லும் நேரத்துக்கு நடக்க வேண்டிய 15 கிலோமீட்டர்

மெரினாவிலோ எலியட்ஸிலோ கால் நனைத்து வளர்ந்தவர்களுக்குக் கடல் என்றால் அலைதான். தண்ணீர் மட்டம் ஏறி இறங்குவதை நாம் பெரிதாகக் கவனித்ததில்லை. சென்னைக் கரையில் அந்த ஏற்ற இறக்கம் அதிகம் போனால் ஒரு மீட்டர் அளவுதான். வாஷிங்டன் மாநிலத்தின் பசிபிக் கரையில் அதுவே சாதாரணமாக இரண்டரை மீட்டர், சில நாட்களில் மூன்றரை மீட்டரைத் தொடும். காலையில் நீங்கள் நடந்துபோன கரை, மாலையில் திரும்பி வரும்போது கரையாகவே இருக்காது.

இந்தப் பாடத்தை நான் கற்றது அந்தக் கரையில் உள்ள ஓசெட் முக்கோணம் என்ற நடைப்பாதையில். முதல் தடவை போனபோது, 'மொத்தமே 15 கிலோமீட்டர், சமதரை, என்ன பெரிய விஷயம்?' என்று நண்பர்கள் மூன்று பேர் மதியம் 12 மணிக்கு நடக்க ஆரம்பித்தோம். பாதிக் கடற்கரையில் தண்ணீர் மரக்கட்டைகள் வரை ஏறிவிட்டது. ஒரு பாறை முனையைச் சுற்ற முடியாமல், சேற்றில் தொங்கிய கயிற்றைப் பிடித்து மேலே ஏறி, கடைசி ஐந்து கிலோமீட்டரை போன் டார்ச்சில் நடந்து முடித்தோம். அப்புறம் நான்கு முறை போயிருக்கிறேன். இப்போது அங்கே கிளம்பும் யாரிடமும் முதலில் நான் கேட்பது, 'டைடு டேபிள் பார்த்தாச்சா?' கடல் எப்போது ஏறும், எப்போது வற்றும் என்று சொல்லும் அட்டவணை அது.

எங்கே இருக்கிறது, எப்படிப்பட்ட பாதை

ஒலிம்பிக் தேசியப் பூங்காவின் கடலோரப் பகுதியில், ஓசெட் ஏரியின் வடக்கு முனையில் பாதை தொடங்குகிறது. ஒரு முக்கோணம் வரைந்துகொள்ளுங்கள். கிழக்கு முனை கார் நிறுத்துமிடம். அங்கிருந்து வடமேற்கே ஒரு கோடு போனால் கேப் அலாவா. அங்கிருந்து கடலை ஒட்டித் தெற்கே இன்னொரு கோடு இறங்கினால் சாண்ட் பாயிண்ட். மூன்றாவது கோடு காட்டுக்குள் திரும்பிக் காருக்கே கொண்டுவந்து விடும். ஒவ்வொரு பக்கமும் ஏறக்குறைய ஐந்து கிலோமீட்டர்.

இரண்டு பக்கங்கள் காடும் சதுப்பும். அங்கே பெரும்பாலும் தரையில் கால் படாது, பலகை நடைபாதை மேலேயே நடை. மூன்றாவது பக்கம் கடற்கரை. கூழாங்கல், பாசி, பாறை, ஒதுங்கிய மரங்கள் என்று மாறி மாறி வரும். ஏற்றம் என்று சொல்ல ஒன்றும் இல்லை. பயணக் குறிப்புகளில் 'எளிது' என்று போட்டிருப்பதைப் பார்த்து ஏமாற வேண்டாம். காட்டில் ஒரு மணி நேரத்தில் நான்கு கிலோமீட்டர் போகும் கால், அந்தக் கடற்கரையில் இரண்டு கிலோமீட்டர் போனாலே அதிகம். மொத்தமாக ஏழு மணி நேரம் ஒதுக்குங்கள். குழந்தைகள் கூட வந்தால் எட்டு.

நாளைத் தேர்ந்தெடுப்பது

எல்லோரும் முதலில் பார்ப்பது வானிலையை. நான் முதலில் டைடு டேபிளைத்தான் பார்ப்பேன். அமெரிக்கக் கடல், வளிமண்டல நிர்வாகமான நோவாவின் தளத்தில் 'லா புஷ்' நிலையத்தின் அட்டவணையை எடுங்கள். ஓசெட்டுக்குத் தெற்கே அதே திறந்த கடற்கரையில் இருக்கிறது. சியாட்டிலின் அட்டவணையை எடுத்துவிடாதீர்கள். அது உள்கடல், நேரம் வெகுவாக மாறும். கோடையில் அங்கே கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளி வைப்பார்கள்; அட்டவணை அந்தக் கோடைகால நேரத்தில்தான் இருக்கிறதா என்பதையும் ஒரு தடவை சரிபாருங்கள். அதைக் கவனிக்காமல் விட்டால் ஒரு மணி நேரம் தவறும்.

இந்தக் கரையில் ஒரு நாளில் இரண்டு ஏற்றம், இரண்டு வற்றம். இரண்டும் ஒரே உயரத்தில் இருக்காது. ஒரு வற்றம் நன்றாக வற்றும், இன்னொன்று பேருக்கு வற்றும். நமக்கு வேண்டியது நன்றாக வற்றும் அந்த ஒன்று. அது பகல் வெளிச்சத்தில் விழவேண்டும். கோடை மாதங்களில் ஆழமான வற்றங்கள் காலை வேளையில் வருகின்றன, குளிர்காலத்தில் அவை இரவுக்குப் போய்விடும். மே முதல் ஆகஸ்ட் வரை இந்தப் பாதைக்கு நல்ல காலம் என்று நான் சொல்வதற்கு மழையைவிட இதுதான் முக்கியக் காரணம். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் கடல் அதிகம் ஏறி அதிகம் வற்றும். இதை நம் மீனவர்களிடம் சொன்னால், 'இதைக் கண்டுபிடிக்க அமெரிக்காவா போகணும்?' என்று சிரிப்பார்கள். வற்றும் நேரம் ஒவ்வொரு நாளும் சுமார் 50 நிமிடம் தள்ளிப்போகும். அதனால் இந்தச் சனிக்கிழமை சரியாக இருந்தது அடுத்த சனிக்கிழமை சரிப்படாது.

இன்னொரு விஷயம் பலருக்குத் தெரியாது. கடல் ஒரே வேகத்தில் ஏறுவதில்லை. வற்றி முடிந்தபின் முதல் ஒரு மணி நேரம் அசையாமல் நிற்பது போலத் தோன்றும். மூன்றாவது, நான்காவது மணியில் சட்டென்று ஏறும். மொத்த ஏற்றத்தில் பாதி அந்த இரண்டு மணி நேரத்துக்குள்தான். 'இன்னும் எவ்வளவோ இடம் இருக்கே' என்று பாறையில் உட்கார்ந்து புளிசாதம் சாப்பிடுபவர்கள் மாட்டிக்கொள்வது அப்போதுதான். நாங்களும் புளிசாதம்தான் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம்.

கணக்கை இப்படிப் போடுங்கள். வற்றம் காலை 11 மணிக்கு என்றால், 8:30க்குப் பலகைப் பாதையில் காலை வையுங்கள். 10:30 வாக்கில் கேப் அலாவா. 11:30க்கு வெட்டிங் ராக்ஸ் என்ற பாறை முனை, அதுதான் கடற்கரைப் பகுதியில் இடுக்கான இடம். அதைத் தாண்டியபின் கடல் ஏறத் தொடங்கினாலும் பயமில்லை, ஒரு மணி வாக்கில் சாண்ட் பாயிண்ட் மணலில் இருப்பீர்கள்.

எந்தப் பக்கமாகச் சுற்றுவது?

கேப் அலாவா முதலில், சாண்ட் பாயிண்ட் அப்புறம். கடினமான பாறைப் பகுதி புதுக் காலோடு முடிந்துவிடும், களைத்துப்போகும்போது மணல் வரும். ஒரே ஒரு விதிவிலக்கு உண்டு. இந்தக் கரையில் புயல்காற்று தென்மேற்கிலிருந்து அடிக்கும். அப்படிப்பட்ட நாளில் தெற்கே நடந்தால் மழை முழுவதும் முகத்தில்தான். அன்று சாண்ட் பாயிண்டிலிருந்து வடக்கே நடங்கள். அதைவிட நல்லது, அன்று போகாமலே இருப்பது.

என்ன எடுத்துப் போவது

காலணியில்தான் பாதி விஷயம் இருக்கிறது. பலகைகள் பெரும்பாலும் சீடர் மரம். மழையும் பாசியும் படிந்து எண்ணெய் தடவியது போல வழுக்கும். கெட்டியான அடிப்பாகம் உள்ள கனமான பூட்ஸை விட, மென்மையான ரப்பர் அடியுள்ள காலணி நன்றாகப் பிடிக்கும். என் நண்பன் ஒருவன் விலை உயர்ந்த புது பூட்ஸோடு வந்து, முதல் அரை மணி நேரத்தில் மூன்று தடவை விழுந்தான். ஊன்றுகோல் இருந்தால் எடுத்துப் போங்கள், ஆனால் அதன் இரும்பு நுனிக்கு ரப்பர் மூடி போடுங்கள். இல்லையென்றால் பலகை இடுக்கில் சிக்கும்.

ஜீன்ஸ் வேண்டாம், நனைந்தால் காயாது. ஆண்டுக்கு 250 செண்டிமீட்டர் மழை பெய்யும் ஊர் இது, ஜூலையிலும் பெய்யும். மழைக்கோட்டு, ஒரு கம்பளிச் சட்டை, மாற்றுக் காலுறை, தலையில் கட்டும் டார்ச் ஆகிய நான்கையும் வெயில் நாளிலும் பையில் வையுங்கள். காகிதத்தில் அச்சிட்ட டைடு டேபிளும் வரைபடமும் அவசியம். ஏரிக்குப் போகும் சாலையிலேயே போன் சிக்னல் போய்விடும்.

தண்ணீரைக் காரிலிருந்தே சுமந்து போவது நல்லது, ஆளுக்கு இரண்டு லிட்டர். வழியில் ஓடைகள் உண்டு. அவற்றின் நீர் கட்டன்சாயா நிறத்தில் இருக்கும். அழுக்கில்லை, சதுப்பில் ஊறிய இலை, பட்டைகளின் டானின். ஆனாலும் வடிகட்டாமலோ கொதிக்க வைக்காமலோ குடிக்கக்கூடாது.

நாய்க்கு இந்தப் பாதையில் அனுமதி இல்லை. ஒருநாள் நடைக்குத் தனி அனுமதிச் சீட்டு வேண்டாம், பூங்கா நுழைவுக் கட்டணம் போதும்.

போய்ச் சேருவது

சியாட்டிலிலிருந்து நான்கு மணி நேரத்துக்கு மேல் ஆகும், படகுக்குக் காத்திருந்தால் இன்னும் அதிகம். போர்ட் ஏஞ்சலஸில் பெட்ரோலை நிரப்பிக்கொள்ளுங்கள். அங்கிருந்து 112ஆம் நெடுஞ்சாலை, கிளாலம் பே, சீக்யு. அதைத் தாண்டி இடப்பக்கம் ஹோகோ-ஓசெட் சாலை, 21 மைல். வளைந்து வளைந்து போகும் அந்தச் சாலையில் அவசரப்பட வேண்டாம். காலை வற்றத்தைப் பிடிக்க வேண்டுமானால் முந்தின இரவே பக்கத்தில் எங்காவது தங்குவதுதான் நடைமுறை. சியாட்டிலை ஒட்டிய பெல்வியூவிலிருந்து விடியற்காலை மூன்று மணிக்குக் கிளம்பும் வீரர்களும் உண்டு. திரும்பும்போது யார் ஓட்டுவது என்பதை அவர்கள் முதலிலேயே பேசிக்கொள்ள வேண்டும்.

முதல் பக்கம்: காடும் சதுப்பும்

கார் நிறுத்துமிடத்திலிருந்து சில நிமிடத்தில் ஓசெட் ஆற்றின் மேல் வளைந்த மரப்பாலம் வரும். பாலம் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் பாதை இரண்டாகப் பிரியும். வலப்பக்கம் கேப் அலாவா.

பலகைப் பாதையில் நடக்க ஒரு முறை இருக்கிறது. பாதத்தை முழுதாக, தட்டையாக வையுங்கள். குதிகாலை முதலில் ஊன்றினால் வழுக்கும். நீட்டுவாக்கில் ஓடும் பலகையை விட, குறுக்காக அடித்த பலகைகள் கொஞ்சம் பிடிப்பு தரும். இடையிடையே படிகளும் உடைந்த பலகைகளும் வரும். எதையாவது வேடிக்கை பார்க்க வேண்டுமென்றால் நின்று பாருங்கள், நடந்துகொண்டே பார்க்க வேண்டாம். பார்க்க நிறைய இருக்கிறது. சிட்கா ஸ்ப்ரூஸ், சிவப்பு சீடர், ஹெம்லாக் மரங்கள், கீழே ஆள் உயரப் பெரணிகள். வசந்தத்தில் சதுப்பு ஓரங்களில் மஞ்சள் விளக்கு ஏற்றியது போல ஸ்கங்க் காபேஜ் பூத்திருக்கும். ஸ்கங்க் என்பது நாற்றத்துக்குப் பேர்போன ஒரு விலங்கு, பெயருக்கு ஏற்ற வாடை. பலகையை விட்டு இறங்காதீர்கள். கணுக்கால் வரைதான் போகும் என்று நினைத்த சேறு முழங்கால் வரை போகும். அதைவிட, மிதித்த சதுப்புப் பாசி மீண்டு வரப் பல ஆண்டுகள் ஆகும்.

பாதி வழிக்கு மேல் போனதும் காடு சட்டென்று விலகி ஒரு திறந்த வெளி வரும். அது ஆல்ஸ்ட்ராம் பிரெய்ரி. லார்ஸ் ஆல்ஸ்ட்ராம் என்பவர் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கே குடியேறி 50 ஆண்டுகளுக்கு மேல் தங்கியிருந்தார். இந்தச் சதுப்பில் பண்ணை வைத்து வாழ்ந்தாராம். ஒரு மழை நாளில் அங்கே பத்து நிமிடம் நின்று பாருங்கள், அந்த 50 ஆண்டு எவ்வளவு நீளம் என்று தெரியும்.

அதற்கப்புறம் மறுபடி காடு. கடல் கண்ணில் படும் முன் காதில் விழும்.

கேப் அலாவா

அலாஸ்காவையும் ஹவாயையும் விட்டுவிட்டால், அமெரிக்காவின் மற்ற 48 மாநிலங்களில் மேற்குக் கோடி இந்த முனைதான். எதிரே சிறு தீவுகளும் பாறைத் தூண்களும் கொண்ட கடல், அதில் சீல்களின் ஊளை. வழுக்கைத் தலைக் கழுகு ஏதாவது ஒரு மரத்தில் கட்டாயம் இருக்கும். பைனாகுலர் இருந்தால் கெல்ப் பாசித் திட்டுகளில் மல்லாந்து மிதக்கும் கடல் நீர்நாய்களைத் தேடுங்கள். தோலுக்காக வேட்டையாடி இந்த மாநிலக் கரையிலிருந்தே அவை அழிக்கப்பட்டன. 1969லும் 1970லும் அலாஸ்காவிலிருந்து 59 நீர்நாய்களைக் கொண்டுவந்து விட்டார்கள். இன்று நீங்கள் பார்ப்பவை அவற்றின் வம்சம்.

இந்த இடம் மக்கா பழங்குடியினரின் பழைய ஊர். (நாகர்கோவில்காரர்கள் சிரிக்கலாம்.) திமிங்கில வேட்டைக்காரர்கள். சில நூறு ஆண்டுகளுக்கு முன் ஒரு மண்சரிவு இங்கிருந்த ஓசெட் கிராமத்தின் வீடுகளை அப்படியே மூடிவிட்டது. ஈரக் களிமண்ணுக்குள் காற்று புகாததால் மரமும் கூடையும் கயிறும் கெடாமல் கிடந்தன. 1970இல் புயல் அலைகள் கரையை அரித்து அவற்றை வெளியே கொண்டுவந்தன. தொல்லியலாளர் ரிச்சர்ட் டாகர்ட்டியின் தலைமையில் மக்கா மக்களோடு சேர்ந்து 11 ஆண்டுகள் அகழாய்வு நடந்தது. மண்வெட்டிக்குப் பதிலாகத் தண்ணீர்க் குழாய்களால் சேற்றைக் கழுவிக் கழுவி 55,000க்கு மேற்பட்ட பொருட்களை எடுத்தார்கள். சீடர் மரத்தில் திமிங்கிலத் துடுப்பு ஒன்று செதுக்கி, அதில் நூற்றுக்கணக்கான நீர்நாய்ப் பற்களைப் பதித்திருக்கிறார்கள். எல்லாம் இப்போது நியா பே ஊரின் மக்கா அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. என்னைக் கேட்டால் நடைக்கு முந்தின நாளே அதைப் பார்த்துவிடுங்கள். பார்க்காமல் போனால் கேப் அலாவா வெறும் புல்மேடு.

கடல் வற்றியிருக்கும்போது எதிரே உள்ள சிறு தீவுக்கு நடந்தே போகலாம் போலத் தோன்றும். அது மக்கா மக்களுடையது, போகாதீர்கள். இந்த இடத்தில் சிப்பி, எலும்பு, கல் எதையும் எடுக்கவும் கூடாது.

இரண்டாம் பக்கம்: கடற்கரை

இங்கே இடப்பக்கம், அதாவது தெற்கே திரும்புங்கள். திரும்பும்முன் பாதை காட்டிலிருந்து வெளியே வந்த இடத்தைக் கவனித்து வையுங்கள். கரையில் காட்டுப்பாதை தொடங்கும் இடங்களிலும், முனைகளைக் காட்டு வழியாகக் கடக்கும் இடங்களிலும் சிவப்பு-கருப்பு வட்டப் பலகை மரத்தில் அறைந்திருக்கும். மூடுபனியில் அது கண்ணில் படாமலே தாண்டிப் போய்விடலாம்.

பச்சை நிறத்தில் பளபளக்கும் பாறை வழுக்கும். மட்டிகள் ஒட்டிய கரடுமுரடான பாறையில் கால் நிற்கும், ஆனால் மிதிப்பது உயிருள்ளவற்றை. வெறும் கல்லாகப் பார்த்து வைப்பதே நல்லது. கெல்ப் பாசிக் குவியலில் எப்போதும் கால் வைக்காதீர்கள், அடியில் குழி இருக்கும். வற்றிய பாறைக் குழிகளில் ஊதா, ஆரஞ்சு நட்சத்திர மீன்களும் பச்சைக் கடற்சாமந்திகளும் இருக்கும். ஈரக்கையால் மெதுவாகத் தொடலாம், பிடுங்கக்கூடாது.

பெரிய மரக்கட்டைகள் கரையின் மேல் விளிம்பில் குவிந்து கிடக்கும். ஒவ்வொன்றும் பல டன். கடல் தொடாதவரை அவற்றின் மேல் நடக்கலாம், உட்காரலாம். தண்ணீர் அவற்றை எட்டத் தொடங்கினால் உடனே விலகுங்கள். அரை முழத் தண்ணீரில் அவ்வளவு பெரிய கட்டையும் மிதந்து உருளும். இந்த மாநிலக் கரையில் மரக்கட்டைகள் ஆட்களை நசுக்கிக் கொன்றிருக்கின்றன. கடலுக்கு முதுகு காட்டி நின்று போட்டோ எடுக்கும் பழக்கத்தையும் இங்கே விட்டுவிடுங்கள். சின்ன அலைகளுக்கு நடுவே எதிர்பாராமல் ஒரு பெரிய அலை வரும். ஆகஸ்டிலும் உறையவைக்கும் தண்ணீர் இது.

வெட்டிங் ராக்ஸ் முனையில் நிதானமாகத் தேடுங்கள். கடற்கரைப் பாறைகளின் முகத்தில் மக்கா முன்னோர்கள் செதுக்கிய உருவங்கள் நாற்பதுக்கும் மேல் இருக்கின்றன. திமிங்கிலங்கள், மனித முகங்கள், பாய்மரக் கப்பல் ஒன்று. அம்புக்குறியோ வேலியோ கிடையாது. சாய்ந்த வெயிலில் கோடுகள் துலங்கும், உச்சி வெயிலில் பக்கத்தில் நின்றாலும் தெரியாது. நான் கப்பலைக் கண்டுபிடித்தது மூன்றாவது பயணத்தில்தான். தடவுவது, சாக்பீஸால் கோட்டை எடுத்துக் காட்டுவது, பக்கத்தில் பெயர் கிறுக்குவது எல்லாமே குற்றம்.

முனையைச் சுற்றிப் போகும் வழியில் தண்ணீர் நிற்கிறதா? 'அலை பின்வாங்கும்போது ஓடிவிடலாம்' என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். வட்டப் பலகையைத் தேடி மேலே உள்ள வழியில் ஏறுங்கள். அதுவும் இல்லையென்றால் உயரமான இடத்தில் உட்கார்ந்து காத்திருங்கள். ஏறிய கடல் வற்றத்தான் வேண்டும்.

பூமி அதிர்ந்தால் எதற்கும் காத்திருக்காமல் காட்டுக்குள், மேட்டுக்கு ஓடுங்கள். 1700 ஜனவரி 26 இரவு இந்தக் கரையோரம் சுமார் 9 அளவில் நிலநடுக்கம் நேர்ந்தது. எழுந்த சுனாமி ஜப்பான் வரை போனது. அந்த ஊர்ப் பழைய ஏடுகளில் பதிவான அலையை வைத்துத்தான் தேதியையே கணித்தார்கள். 2004க்குப் பிறகு நமக்கு இதை அதிகம் விளக்க வேண்டியதில்லை.

சாண்ட் பாயிண்ட், திரும்பும் வழி

பாறையும் கூழாங்கல்லும் குறைந்து மணல் வந்தால் சாண்ட் பாயிண்ட் நெருங்கிவிட்டது. முனையில் ஒரு சின்னக் குன்று, ஏறினால் இரண்டு பக்கக் கரையும் தெரியும். மிச்சச் சாப்பாட்டுக்கு இதைவிட நல்ல இடம் இல்லை. தயிர்சாத டப்பாவைத் திறந்து வைத்துவிட்டு போட்டோ எடுக்கப் போகாதீர்கள். இங்குள்ள ரக்கூன்கள் பையின் ஜிப்பைத் திறக்கத் தெரிந்தவை, காக்கைகள் அவற்றின் தம்பிகள்.

இரவு தங்க நினைத்தால் முன்பதிவோடு அனுமதிச் சீட்டு வேண்டும், கோடையில் இடங்கள் சீக்கிரம் தீர்ந்துவிடும். உணவு, பற்பசை, சோப்பு என்று வாசனையுள்ள எல்லாவற்றையும் கரடியால் திறக்க முடியாத கெட்டியான டப்பாவுக்குள் வைப்பது கட்டாயம். கரடியைவிட ரக்கூனுக்காகத்தான் இந்த விதி. கூடாரத்தை மரக்கட்டை வரிசைக்கு மேலே போடுங்கள். இந்தக் கரையில் தீ மூட்டத் தடை உள்ள பகுதிகள் உண்டு, சீட்டு வாங்கும்போதே கேட்டுக்கொள்ளுங்கள்.

ஒருநாள் நடைக்காரர்கள் வட்டப் பலகையைப் பிடித்துக் காட்டுக்குள் திரும்புங்கள். இந்தப் பக்கம் முதல் பக்கத்தை விட நேர்க்கோடு, வேடிக்கை குறைவு, நிழல் அதிகம். கால் களைத்திருக்கும், பலகையில் விழுபவர்கள் பெரும்பாலும் இங்கேதான் விழுகிறார்கள். வேகத்தைக் குறையுங்கள். ஒன்றரை மணி நேரத்தில் பாதை பிரிந்த இடம், அதன் பிறகு பாலம், அப்புறம் கார். காலணியை வெளியே தட்டிவிட்டு ஏறுங்கள். அந்தப் பொடிக்கூழாங்கல் கார் மிதியடிக்குள் போனால் ஆறு மாதத்துக்கு வெளியே வராது.